வாசலில் எத்தனை கேள்வி?



ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் மாதங்களில் இந்த முகநூல் என்னைத் திணறடிக்கும். இன்று ஆறு பேருக்குப் பிறந்தநாள், நாளை நான்கு பேருக்குப் பிறந்தநாள் என்று வரிசையாகக் காட்டும். பெரும்பாலும் என் பழைய மாணவர்கள். நானும் ஒருவர் விடாமல் வாழ்த்துச் சொல்லிவிடுவேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு சிரிப்பு வரும். அந்தத் தேதிகளில் சில, உங்களைப் பெற்ற தாய் தந்த தேதிகள் அல்ல. சேர்க்கைப் பதிவேட்டில் நான் எழுதித் தந்தவை.

இதை இன்று எழுதக் காரணம் ஒரு மாணவன். பெயர் சொல்ல வேண்டாம் என்றான். சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. போன வாரம் நெய்வேலிக்கு வந்தவன் வீட்டுக்கும் வந்திருந்தான். "என்னப்பா வேலை பார்க்கிற?" என்றேன். "டீச்சர், எங்க சாஃப்ட்வேரை காசு கொடுக்காம கொஞ்ச நாள் வெச்சுப் பார்க்கலாம். ட்ரையல்னு சொல்வாங்க. அதுக்கு வர்றவங்க பேரு, விவரமெல்லாம் குடுக்கிற பக்கத்தை அமைக்கிறதுதான் என் வேலை. அதுல எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு ஆபீஸ்ல தினமும் சண்டை" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடே, இதைத்தானடா நான் முப்பது வருஷத்துக்கு மேல ஜூன் மாசம் ஜூன் மாசம் செஞ்சேன்" என்றேன். அவனிடம் சொன்னதையும், அவன் எனக்குச் சொன்னதையும் சேர்த்துக் கொஞ்சம் வரலாறாக எழுதுகிறேன்.

சேர்க்கைப் பதிவேடு

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் தொடங்கியது 1956 நவம்பரில். 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அதன் பிறகு எங்கெங்கிருந்தோ மக்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். நிரந்தரப் பணியாளர் வீட்டுப் பிள்ளைகளிடம் காகிதங்கள் ஓரளவு ஒழுங்காக இருக்கும். ஒப்பந்தக் கூலிகளின் பிள்ளைகள், சுரங்கத்துக்காக ஊர்விட்டுப் பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் கதை வேறு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-லேயே வந்துவிட்டது. ஆனால் வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் வாங்க யார் அலைவார்கள்?

பதிவேட்டில் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது. அம்மாவைக் கேட்டால், "ஆடிப்பெருக்குக்கு முன்னாடி டீச்சர், நல்ல மழை" என்பார். பிள்ளையை நிற்க வைத்து, வலது கையைத் தலைக்கு மேல் வளைத்து இடது காதைத் தொடச் சொல்வோம். விரல் காதில் பட்டால் ஐந்து வயது. அதற்குத் தோதாக மே மாதத்திலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தேதியைப் போட்டுப் பதிவேட்டை மூடுவோம். கட்டம் நிரம்பிவிட்டது, வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

பணியில் சேர்ந்த புதிதில், 1986-ல், ஒரு பையனைச் சேர்த்தேன். 1981 மே என்று தேதி போட்டேன். மறு ஆண்டு அவன் தம்பி வந்தான். சேர்த்தவர் இன்னொரு ஆசிரியர். பையன் வாட்டசாட்டமாக இருந்தான் போலிருக்கிறது, 1981 அக்டோபர் என்று எழுதிவிட்டார். தாய் கைநாட்டு வைத்துவிட்டுப் போய்விட்டார். பல ஆண்டுகள் கழித்து அண்ணனும் தம்பியும் வெளிநாட்டு வேலைக்கு ஒன்றாக மனுப் போட்டிருக்கிறார்கள். ஒரே தாய், ஒரே தகப்பன், இரண்டு பிள்ளைக்கும் ஐந்து மாத இடைவெளி. காகிதத்தைப் பார்த்தவர்கள் இது போலி என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். சரிசெய்ய அலைந்து முடிப்பதற்குள் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விட்டது.

அண்ணன்காரன் என்னைப் பார்க்க வந்தான். திட்டவில்லை. "டீச்சர், என் தம்பி எனக்கு அஞ்சு மாசம்தான் இளையவனாம்" என்று சொல்லிச் சிரித்தான். அவன் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று நான் கற்ற பாடம் இது. பதில் இல்லாதவரிடம் பதிலைக் கட்டாயம் ஆக்கினால் உண்மை வராது, கட்டம் நிரம்பும், அவ்வளவுதான். நிரம்பிய பொய்யோ, எழுதியவர் மறந்த பிறகும் உயிரோடு இருக்கும்.

சட்டம் கற்ற பாடம்

இதை அரசும் உணர்ந்தது. 2009-ல் நிறைவேறி 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 14-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். வயதைத் தீர்மானிக்கப் பிறப்புச் சான்று போன்ற ஆவணம் வேண்டும் என்று முதலில் சொல்கிறது. அடுத்த வரியிலேயே, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் சேர்க்கையைத் தள்ளிப் போடக் கூடாது என்பது 5-வது பிரிவு. அதாவது, முதலில் பிள்ளை வகுப்பில் உட்காரட்டும், காகிதம் பின்னால் வரட்டும்.

காமராசர் 1950-களில் பள்ளியில் மதிய உணவு தந்ததும் இதே வழிதான் என்று எனக்குத் தோன்றும். படிப்பின் பயன் பத்து வருடம் கழித்துத் தெரியும். சோற்றின் பயன் அன்றைக்கே தெரியும். வந்த அன்றே ஒரு பயனைக் கையில் கொடுத்தால் மறுநாளும் வருவார்கள்.

வங்கி வாசல்

அடுத்தது வங்கி. என் தலைமுறைக்கு நினைவிருக்கும். கணக்குத் தொடங்க வேண்டுமென்றால் அதே கிளையில் ஏற்கெனவே கணக்கு உள்ள ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டும். கூலிக்காரருக்கு அப்படி யாரைத் தெரியும்? ஆசிரியர்களைத்தான் தேடி வருவார்கள். எத்தனையோ பேருக்கு நான் போட்டிருக்கிறேன். போடத் தெரிந்தவர் இல்லாதவர்கள் வாசலோடு திரும்பினார்கள்.

2005-ல் ரிசர்வ் வங்கி விதிகளைத் தளர்த்தி, குறைந்த இருப்புள்ள எளிய கணக்குகளைத் தொடங்கச் சொன்னது. அப்போது இந்தியன் வங்கி முயற்சி எடுத்து, எல்லா வீட்டுக்கும் வங்கி வசதி கிடைத்த முதல் இந்திய கிராமம் என்ற பெயரை ஓர் ஊருக்கு வாங்கித் தந்தது. அந்த ஊர் எங்கோ இல்லை. நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியைச் சேர்ந்த மங்கலம்.

2010 டிசம்பரில் இன்னொரு விதி வந்தது. அடையாள ஆவணம் எதுவுமே கையில் இல்லாவிட்டாலும், ஒரு புகைப்படமும் கையெழுத்தோ கைநாட்டோ கொடுத்து 'சிறு கணக்கு' தொடங்கலாம். ஆனால் வரம்பு உண்டு. இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆண்டுக்கு மொத்த வரவு 1 லட்சத்துக்குள். மாதம் 10,000 வரை எடுக்கலாம். கணக்குக்கு ஆயுள் 12 மாதம். அதற்குள் ஆவணத்துக்கு விண்ணப்பித்ததைக் காட்டினால் இன்னும் 12 மாதம். 2014 ஆகஸ்டில் ஜன் தன் திட்டம் வந்தபோது ஆவணம் இல்லாதவர்களை உள்ளே அழைத்ததும் இதே கதவு வழியாகத்தான்.

இந்த விதியை என் மாணவனிடம் சொன்னபோது அவன் கண் விரிந்தது. "டீச்சர், இது அப்படியே ட்ரையல் அக்கவுண்ட்!" என்றான். ஆமாம். தெரியாத ஆளை உள்ளே விடுவதில் ஆபத்து இருக்கிறது. அந்த ஆபத்துக்கு வங்கி கண்ட மருந்து கேள்வியைக் கூட்டுவது அல்ல. உள்ளே விட்டு, செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை வைப்பது. எல்லை தாண்ட விரும்புகிறவர் தானே காகிதத்தோடு வருவார்.

மென்பொருள் வாசல்

முன்பெல்லாம் மென்பொருள் விற்க ஆள் வருவார். அலுவலகத்துக்கு வந்து, உட்கார்ந்து, காட்டி, பேசி, விலை சொல்லுவார். சென்னையில் இருந்துகொண்டு அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் விற்க வேண்டுமானால் அத்தனை பேரை விமானத்தில் அனுப்ப முடியுமா? அதனால் இணையப் பக்கமே விற்பனையாளர் ஆனது. வா, பெயரைப் பதி, சில நாள் இலவசமாக ஓட்டிப் பார், பிடித்தால் பணம் கட்டு. கப்பலை வெள்ளோட்டம் விடுவது போல.

இந்த வழியில் தமிழ்நாடும் முன்னணியில் நின்றது என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ரீதர் வேம்புவும் நண்பர்களும் 1996-ல் தொடங்கிய அட்வென்ட்நெட், 2005-ல் ஸோஹோ என்ற பெயரில் இணையம் வழியாகவே பயன்படுத்தும் மென்பொருள்களைக் கொண்டு வந்தது. 2009-ல் நிறுவனத்தின் பெயரே ஸோஹோ ஆனது. அங்கே வேலை பார்த்த திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம், 2010-ல் வெளியே வந்து சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் தொடங்கினார். வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் மென்பொருள் அது. 2011-ல் அவர்களுக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர் யார் தெரியுமா? மேற்கு ஆஸ்திரேலியாவில் உள்ள அட்வெல் காலேஜ். காலேஜ் என்று பெயர் இருந்தாலும் அது ஒரு மேல்நிலைப் பள்ளி! கடல் கடந்த ஒரு பள்ளிக்கூடம், சென்னையில் சில பேர் உட்கார்ந்து செய்த பொருளை இணையம் வழியாக நம்பி வாங்கியது. அந்த நிறுவனம் ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற பெயரில் 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தைக்குப் போனது.

ஆக, ஒரு பதிவுப் பக்கம் என்பது சின்ன விஷயம் இல்லை. கடைக்கு வாசல் அதுதான்.

எதற்குச் சண்டை?

மாணவன் சொன்னது: விற்பனைப் பிரிவு எல்லாவற்றையும் கேட்கச் சொல்லும். தொலைபேசி எண், நிறுவனத்தின் பெயர், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், உங்கள் பதவி என்ன, எப்போது வாங்கப் போகிறீர்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. யாரைக் கூப்பிட்டுப் பேசுவது என்று தெரிந்தால்தானே விற்க முடியும்? வடிவமைப்புப் பிரிவோ, அத்தனை கேட்டால் வருகிறவர் ஓடிவிடுவார் என்று சொல்லும்.

ஓடாதவர் என்ன செய்வார்? நான் செய்ததைச் செய்வார். கட்டத்தை நிரப்புவார். தொலைபேசி எண் பத்து ஒன்பதுகள். பிறந்த தேதி ஜனவரி 1. நிறுவனத்தின் பெயர் 'அஅஅ'. இப்படி எத்தனையோ வருகிறது என்றான். மறுநாள் விற்பனைப் பிரிவு அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்!

ஜாரட் ஸ்பூல் என்ற அமெரிக்க வடிவமைப்பு ஆய்வாளர் 2009-ல் எழுதிய ஒரு நிகழ்வைச் சொன்னான். ஒரு பெரிய இணையக் கடையில் பொருளைத் தேர்ந்தெடுத்த பிறகு, பணம் கட்டும் முன் 'பதிவு செய்க' என்று ஒரு பக்கம் வந்து நின்றது. புதியவர்கள் எரிச்சலடைந்தார்கள். பழையவர்களுக்கு எந்த மின்னஞ்சலில் பதிந்தோம் என்பதே மறந்து போயிருந்தது. பதிவேட்டைத் திறந்து பார்த்தால், வாடிக்கையாளர்களில் 45 சதவீதம் பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பதிவுகள், சிலருக்குப் பத்து வரை! கட்டாயத்தை எடுத்துவிட்டு, 'கணக்குத் தொடங்காமலே வாங்கலாம், மேலே செல்க' என்று மாற்றினார்கள். வாங்கி முடித்தவர் எண்ணிக்கை 45 சதவீதம் கூடியது. முதல் ஆண்டிலேயே 30 கோடி டாலர் கூடுதல் விற்பனை என்று எழுதியிருக்கிறார்.

ஒரே ஆளுக்குப் பத்துப் பதிவு என்று கேட்டபோது, ஐந்து மாத இடைவெளியில் பிறந்த என் இரண்டு பிள்ளைகள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

அப்பாவுக்கு வரும் மின்னஞ்சல்

தமிழருக்கென்றே ஒரு தனித் தொல்லை இருக்கிறது. 'கடைசிப் பெயர்' என்ற கட்டம். நமக்கு ஏது கடைசிப் பெயர்? இருப்பது தலையெழுத்து மட்டும்தான். ஒருமுறை ஏதோ ஒரு செயலியில் பதியும்போது என் முதலெழுத்தைப் போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்று சிவப்பில் மிரட்டியது. சரியென்று அப்பா பெயரை முழுதாகப் போட்டேன். அன்றிலிருந்து அப்பாவின் பெயரைச் சொல்லி, நலமா என்று விசாரித்து எனக்கு மின்னஞ்சல் வந்துகொண்டிருக்கிறது. அவர் காலமாகி இருபது ஆண்டுகள் ஆகின்றன.

இது வெறும் சிரிப்புக்குரிய விஷயம் இல்லை. 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் விதி கொண்டுவந்ததும், நம் ஆட்கள் பலர் தவித்துப் போனார்கள். கடைசிப் பக்கத்தில் தகப்பன் பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. யாரோ ஒருவர் தன் ஊர் வழக்கத்தை உலக வழக்கம் என்று நினைத்து ஒரு கட்டம் போடுகிறார். அதில் அடங்காதவர் வெளியே நிற்கிறார். ஜப்பானில் வாழ்ந்த பேட்ரிக் மெக்கென்சி என்ற மென்பொருள் வல்லுநர், பெயர்களைப் பற்றி நிரல் எழுதுகிறவர்கள் தவறாக நம்பும் 40 விஷயங்களை 2010-ல் பட்டியல் போட்டாராம். அந்தப் பட்டியலை இவனுடைய அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் காட்டுவது வழக்கம் என்றான். நல்ல வழக்கம்.

மீதியை எப்போது கேட்பது?

கேட்கவே கூடாதா என்றால், அப்படியும் இல்லை. வகுப்பறையில் 'திரள் பதிவேடு' என்று ஒன்று வைத்திருப்போம், ஞாபகம் இருக்கிறதா? உயரம், எடை, கண் பார்வை, விருப்பங்கள், வீட்டுச் சூழல். அதைச் சேர்க்கை நாளில் யாரும் நிரப்புவதில்லை. எடை பார்க்கிற நாளில் எடை, விளையாட்டு விழா முடிந்ததும் விளையாட்டு என்று ஆண்டுக்கணக்கில் நிரம்பும். அதனால்தான் அதில் பொய் குறைவு. கேட்கும்போதே எதற்கென்று பிள்ளைக்குத் தெரியும்.

இணையத்திலும் இதே முறை உண்டு. 2003-ல் வந்த லிங்க்ட்இன், 'உங்கள் சுயவிவரம் இத்தனை சதவீதம் முடிந்தது' என்று ஒரு கோடு காட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கியது. அரைகுறையாக விட்ட வேலை மனசை அரிக்கும் என்று ப்ளூமா ஜைகார்னிக் பெர்லினில் செய்து 1927-ல் வெளியிட்ட ஆய்வைச் சொல்வார்கள். எல்லோரும் அதை அப்படியே ஏற்பதில்லை. எனக்கும் அந்தக் கோட்டில் முழு நம்பிக்கை இல்லை. பிள்ளையின் நன்மைக்குக் கேட்டால் அது பதிவேடு. சதவீதத்தைக் காட்டி உறுத்தி, நமக்குத் தேவையில்லாததை வாங்கினால் அது வேறு. 2023-ல் வந்த நம் நாட்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்கு எது தேவையோ அதற்கு மட்டுமே சம்மதம் செல்லும் என்கிறது. மருத்துவ ஆலோசனை தரும் செயலி உங்கள் கைபேசியில் உள்ள தொடர்பு எண்களையும் கேட்டு, நீங்கள் சரி என்று சொல்லியிருந்தாலும், அந்தச் சம்மதம் எண்களுக்குப் பொருந்தாது. இந்த உதாரணம் சட்டத்திலேயே இருக்கிறது.

மாணவன் கிளம்பும்போது, "சரி டீச்சர், நான் என்ன செய்யட்டும்?" என்றான். நான்கு விஷயம் சொன்னேன்.

ஒன்று, உள்ளே விட எது இல்லாமல் முடியாதோ அதை மட்டும் வாசலில் கேள். மின்னஞ்சல் போதும் என்றால் மின்னஞ்சலோடு நிறுத்து.

இரண்டு, வந்த அன்றே அவர் கையில் ஒரு பயன் இருக்கட்டும். முதலில் சோறு, பிறகு எழுத்து.

மூன்று, பயமாக இருந்தால் எல்லை வை. கேள்வியைக் கூட்டாதே.

நான்கு, மற்றதை அதற்குரிய நாளில், எதற்கென்று சொல்லிக் கேள். 'தெரியாது', 'இப்போது வேண்டாம்' என்று சொல்ல ஒரு கட்டம் கட்டாயம் வை. என் பதிவேட்டில் அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால், அந்தப் பையன் ஒரு வேலையை இழந்திருக்க மாட்டான்.

நாலாவதை மட்டும் அவன் கைபேசியில் குறித்துக்கொண்டான். அலுவலகத்தில் ஒத்துக்கொள்வார்களா தெரியாது, பேசிப் பார்க்கிறேன் என்றான். பேசட்டும்.

பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேருக்குப் பதிவேட்டுப் பிறந்தநாள் ஒன்று, வீட்டுப் பிறந்தநாள் ஒன்று? அம்மா இருந்தால் இன்றே கேளுங்கள். மாதம் தெரியாவிட்டாலும் மழையா வெயிலா என்றாவது சொல்வார். கீழே எழுதுங்கள். இனி அந்த நாளில் வாழ்த்துகிறேன். தேதியை மாற்றி எழுதிய கைக்கு அந்தக் கடமையாவது இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
நெய்வேலி